ஏழாம் இலக்கத்தின் வயது

உயிரணு வளர்ப்பதும் கோழி வளர்ப்பதும் ஒன்றுதான். ஒரு நாள்கூட லீவு எடுக்க முடியாது. தீபாவளியா, தேர்தலா, அதுகளுக்குத் தெரியாது. தீனி தீர்ந்தால் செத்துப்போகும். கடைசி மூன்று வருடத்தில் நான் பதுளையை விட்டு ஓர் இரவுகூட வெளியில் தங்கியதில்லை. என் தம்பியின் கல்யாணத்துக்குக்கூடக் காலையில் பண்டாரவளைக்குப் போய், தாலி கட்டியதும் பஸ் ஏறி வந்துவிட்டேன். அனுதாபத்துக்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் அறிக்கையின் இரண்டாம் பக்கத்தில் ‘பொறுப்பற்ற முறையில்’ என்று ஒரு சொல் இருக்கிறது. அது எனக்குப் பொருந்தாது.

நீங்கள் சிங்களத்தில் எழுதியதை மொழிபெயர்ப்பாளர் தமிழில் வாசித்துக் காட்டினார். நன்றாகவே வாசித்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் என் பக்கத்தை நானே எழுதித் தரலாம் என்றீர்கள். எழுதுகிறேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற ஆள் நான் இல்லை.

என் பெயர் நிஷாந்தினி. வயது முப்பத்தொன்பது. ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். அம்மா கொழுந்து எடுத்தார், அப்பா தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டினார். எங்கள் லயத்திலிருந்து விஞ்ஞானம் படித்துப் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். நான் வைத்தியர் அல்ல. அப்படி யாரிடமும் சொன்னதும் இல்லை. அவர்களாக நினைத்துக்கொண்டார்கள்.

என் வேலையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நம் உடம்பில் தோலாகவும் எலும்பாகவும் முற்றிப்போன உயிரணுக்கள்தான் அதிகம். இன்னும் எதுவாகவும் ஆகாமல், தேவைப்பட்டால் எதுவாகவும் ஆகத் தயாராக, எலும்பு மஜ்ஜைக்குள் கொஞ்சம் இருக்கும். அவற்றை ஸ்டெம் செல் என்பார்கள். தேயிலைச் செடியில் கொழுந்து மாதிரி. வயது போகப்போக இவையும் ஓய்ந்துவிடும். ஓய்ந்த உயிரணுவின் மேல் ஒரு சாயத்தை ஊற்றினால் நீலமாக மாறும். நுண்காட்டியில் பார்த்து நீலத்தை எண்ணினால், அந்த உடம்பு எவ்வளவு கிழடு தட்டியிருக்கிறது என்று ஓரளவு சொல்லலாம். கம்பிச் சுருளில் மின்சாரத்தை விட்டுவிட்டுப் பாய்ச்சினால் அதைச் சுற்றிக் காந்தப்புலம் உண்டாகும். அந்தப் புலத்துக்குள் நான் வைத்த தட்டுகளில், மற்றத் தட்டுகளைவிட நீலம் மெதுவாக ஏறியது. அதைக் கண்ட அன்று எனக்கு அழுகை வந்தது. மகிழ்ச்சியில்தான்.

தட்டில் நடப்பது உடம்பில் நடக்குமா என்பது அடுத்த கேள்வி. வெளிநாட்டுக் கம்பெனி ஒன்று கருவிகள் தந்தது. பதுளை நகரத்தில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் ஆய்வுகூடம் போட்டோம். நபீலா என்ற பெண் உதவிக்கு வந்தாள். கெட்டிக்காரி, கை சுத்தம். மடுல்சீமைக்கு மேலே ஒரு தோட்டத்தில், டிஸ்பென்சரியின் பின் அறையை வாங்கிக்கொண்டேன். ஏன் அவ்வளவு தூரம் போனாய் என்று கேட்டீர்கள். அங்கே பாதை மோசம். ஆட்கள் அவ்வளவு சீக்கிரம் இடம் மாறிப்போக மாட்டார்கள். மூன்று வருடத்துக்கு அதே பெண்கள் கிடைப்பார்கள்.

பன்னிரண்டு பெண்களைத் தெரிந்தெடுத்தேன். அடையாள அட்டைப்படி ஐம்பத்தைந்துக்கும் அறுபதுக்கும் இடைப்பட்டவர்கள். பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு வந்து, இடுப்பில் ஒரு பட்டியைக் கட்டிக்கொண்டு ஒரு மணித்தியாலம் வாங்குப் பலகையில் உட்கார வேண்டும். பட்டிக்குள் கம்பிச் சுருள். அவர்கள் அதைக் ‘கரண்டு பெல்ட்டு’ என்றார்கள். முழங்கால் வலிக்கு என்று சொல்லியிருந்தேன். படிவத்தில் உண்மையான காரணம் இருந்தது. படிவம் ஆங்கிலத்தில் இருந்தது.

ஏழாம் இலக்கம் ஜெயலெட்சுமி. உயரமான பெண், வாய் ஓயாது.

“போற போக்கப் பார்த்தா நாங்க எல்லாம் திரும்பக் குமரியாயிருவோம் போல இருக்கு, பிள்ள,” என்பார். “அப்புறம் இந்தக் கெழவிகளுக்கு மாப்பிள்ள பாக்குற வேலையும் ஒங்க தலையிலதான் விடியும்.”

மற்றவர்கள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவரை எனக்குப் பிடிக்கும். இதையும் எழுதுகிறேன், ஏனென்றால் இது உண்மை. புருஷன் செத்துப் பத்து வருடம். ஒரே மகள் கலாராணி கொழும்பில் தையல் கம்பெனியில் வேலை. லயத்து அறையில் ஜெயலெட்சுமி தனியாக இருந்தார். அவர் பெயர் செக்ரோலில், அதாவது தோட்டத்து வேலையாள் பதிவில், இருக்கும்வரைதான் அந்த அறையும் அவருடையது.

பட்டி கட்டத் தொடங்குவதற்கு முன்பே பன்னிரண்டு பேரிடமும் மஜ்ஜை எடுத்து வைத்திருந்தோம். முதல் தடவை கம்பெனி அனுப்பிய வைத்தியர் வந்து எடுத்தார். பிறகு பார்க்கப்போகும் மாற்றத்தை இதனோடுதான் ஒப்பிட வேண்டும். ஆனால் அது இரண்டாயிரத்து இருபத்திரண்டு. நாள் ஒன்றுக்குப் பத்து மணித்தியாலம் கரண்டு இல்லை, ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. பன்னிரண்டு பேரின் ஆரம்ப மாதிரிகளும் ஒரே வாரத்தில் செத்துப்போயின. நான் கம்பெனிக்கு அதைச் சொல்லவில்லை. ஒப்பிட வேறு வழி இருந்தது. இந்த வயதில் இவ்வளவு நீலம் இருக்கும் என்று ஒரு பொதுவான வரைகோடு உண்டு. பட்டி கட்டிய பிறகு எடுக்கும் மாதிரியை அந்தக் கோட்டோடு வைத்துப் பார்க்கலாம். அதற்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான், ஆளின் சரியான வயது. அடையாள அட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டேன்.

இரண்டு வருடம் பட்டி கட்டினார்கள். போன வைகாசியில் மறுபடி மஜ்ஜை எடுத்தேன். வைத்தியர் வருவதை நிறுத்தியிருந்தார். நான்தான் எடுத்தேன். இடுப்பெலும்பின் பின்பக்கம் விறைப்பூசி போட்டு, தடித்த ஊசியைத் திருகி இறக்க வேண்டும். ஒரு தடவை பார்த்தால் பிடிபடும் வேலைதான். இரத்தப் பரிசோதனை என்று சொன்னேன். ஜெயலெட்சுமி மட்டும், “இரத்தம் கையிலதானே எடுப்பாங்க?” என்று கேட்டார். “இது நல்ல இரத்தம்ங்க,” என்றேன். பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

முடிவு வந்தது. பன்னிரண்டு பேரில் ஒன்பது பேரின் உயிரணுக்கள் அவர்களுடைய வயதைவிட ஐந்து முதல் எட்டு வருடம் இளமையாக இருந்தன. எட்டு வருடம் ஜெயலெட்சுமிக்கு. மீதி மூன்று பேரிடம் ஒரு மாற்றமும் இல்லை. அவர்களைப் ‘பலன் கிட்டாதவர்கள்’ என்று எழுதினேன்.

நபீலா நுண்காட்டியிலிருந்து தலையைத் தூக்கிக் கேட்டாள். “மிஸ், ஒன்பது பேருக்கு இப்படி அள்ளிக் குடுத்த பெல்ட்டு, இந்த மூணு பேருக்கு மட்டும் ஒரு வருஷம்கூடக் குடுக்கலியே. அது எப்படி?”

“உடம்புக்கு உடம்பு வித்தியாசம்,” என்றேன்.

கம்பெனிக்கு அறிக்கையை அனுப்பினேன். கம்பெனியின் ஆய்வாளர்கள் ஆடி மாதம் பத்தாம் திகதி நேரில் வந்து பார்ப்பதாக எழுதினார்கள். ஏழாம் இலக்கத்தைக் கட்டாயம் சந்திக்க வேண்டும் என்றார்கள். என் வாழ்க்கையில் அந்த மாதம் போல ஒரு மாதம் இருந்ததில்லை. பதுளை பஸ் நிலையத்தில் நிற்கிறபோது, இந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது, கொழுந்து எடுத்தவளின் மகள் முதுமையைப் பிடித்து நிறுத்திவிட்டாள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஆனி மூன்றாம் வாரம், ஒரு சனிக்கிழமை பின்னேரம். பட்டி கட்டிய மற்றவர்கள் போன பிறகு ஜெயலெட்சுமி எழும்பாமல் இருந்தார். சீலை முந்தானையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து நீட்டினார். உள்ளே பிறப்புச் சான்றிதழ்.

“இதப் பாருங்க, பிள்ள. இதுதான் என்னோட நெசமான சர்டிபிகேட்டு. மக பதுளக் கச்சேரி ஆபீசுல தேடி எடுத்துக் குடுத்திச்சு.”

பாக்கியலெட்சுமி என்று பெயர் இருந்தது. பிறந்த வருடம் ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்திரண்டு.

“அப்ப ஐ.டி.ல இருக்கிறது?”

“அது எங்க அக்கா. ஜெயலெட்சுமி அவ பேரு. என்னைய விட எட்டு வருஷம் மூத்தவ. பஞ்ச காலத்துல செத்துப்போச்சு. நான் பதிமூணு வயசுல தோட்டத்து வேலைக்குப் பேர் பதியப் போனப்ப, சின்னப் பிள்ளைய எடுக்க மாட்டாங்கன்னு அம்மா அக்கா சர்டிபிகேட்டக் குடுத்திச்சு. கணக்கப்பிள்ள என்னையப் பார்த்தாரு, காகிதத்தப் பார்த்தாரு. இருவத்தொரு வயசுக் குமரியான்னு சிரிச்சிட்டுப் பதிஞ்சிட்டாரு. அன்னைலேர்ந்து நான் ஜெயலெட்சுமி.”

நான் சான்றிதழை மறுபடி வாசித்தேன். அவர் தொடர்ந்தார்.

“இந்த மாசக் கடைசியில அறுவது வயசுன்னு பேரை வெட்டப் போறாங்க. பேரு போனா லயத்துக் காம்பராவும் போகும். இதக் காட்டுனா இன்னும் எட்டு வருஷம் வேல கேக்கலாம்னு மக சொல்லுது. செவ்வாக்கெழம தோட்டத்துத் தொரகிட்டக் குடுக்கப் போறேன். அதுக்கு முந்தி ஒங்க கம்பியூட்டர்லயும் வயசத் திருத்திருங்க. நம்மளால ஒரு பொய்க்கணக்கு வரக்கூடாது பாருங்க.”

எனக்குக் கோபம் வந்தது. அவர் மேல் கோபமில்லை என்று எழுத ஆசைதான். ஆனால் அவர் மேல்தான் வந்தது.

தோட்டத்தில் வயது இப்படித்தான் இருக்கும் என்று எனக்குத் தெரியாதா என்று நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. தெரியும். லயத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். என் அம்மாவின் அட்டையில் ஐந்து வயது கூட. அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் அவரைக் கேலி செய்திருக்கிறோம். ஆனால் வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு அட்டையைக் கையில் வாங்கியபோது அந்த நினைவு வரவில்லை. படித்தவர்கள் அட்டையை நம்புவார்கள். நான் படித்தவளாக இருந்தேன்.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. லயத்துக்குப் போய் மற்றப் பதினொரு பேரிடமும் கதையோடு கதையாக விசாரித்தேன். பலன் கிடைத்த மற்ற எட்டுப் பேரும் வயதைக் கூட்டிப் பதிந்தவர்கள். பலன் கிட்டாத மூன்று பேரும் ஆஸ்பத்திரியில் பிறந்து, ஒழுங்காகப் பதியப்பட்டவர்கள். அவர்களுடைய அட்டையில் இருந்தது உண்மையான வயது.

இதைப் பார்த்ததும் சிலர் அவசரப்பட்டு, பட்டி வேலை செய்யவில்லை என்ற முடிவுக்கு வருவார்கள். நான் அப்படி வரவில்லை. விஞ்ஞானத்தில் அவசரம் கூடாது. அந்த ஒன்பது பேருக்கும் உழைப்பு அதிகம், ஆகவே பட்டியின் பலனும் அதிகமாக இருந்திருக்கலாம். சான்றிதழ்களும் பிழையாக இருக்கலாம். கச்சேரி எழுத்தர்கள் தெய்வங்கள் அல்ல. எனக்குத் தேவைப்பட்டது ஆடி பத்து வரைக்கும் அவகாசம் மட்டுமே.

திங்கட்கிழமை காலையில் ஜெயலெட்சுமியைக் கூப்பிட்டனுப்பினேன். காகிதத்தை மூன்று வாரம் கழித்துக் கொடுக்கச் சொன்னேன். அவர் தலையாட்டவில்லை.

“ரெண்டு வாரத்துல பேரை வெட்டிருவாங்களே, பிள்ள. அப்புறம் நான் எங்க போயி நிக்கிறது?”

காகிதத்தைக் கொடுங்கள், நானே துரையைக் கண்டு பேசுகிறேன் என்றேன். சந்தோஷமாகக் கொடுத்தார். கடைசியாக ஒரு தடவை இரத்தம் எடுக்க வேண்டும் என்றேன். சிரித்துக்கொண்டே குப்புறப் படுத்தார். வழக்கமாக எடுப்பதைப் போல மூன்று மடங்கு எடுத்தேன்.

கிருமி நீக்கிய ஊசிகள் பதுளையில் இருந்தன. டிஸ்பென்சரியில் இருந்தது போன மாதம் பாவித்த ஊசி. ஸ்பிரிட்டால் துடைத்தேன். இதைக் கவனக்குறைவு என்று எழுதியிருக்கிறீர்கள். என்னோடு வேலை செய்த யாரிடமும் கேட்டுப் பாருங்கள், நான் எதையும் கவனக்குறைவாகச் செய்கிறவள் இல்லை.

புதன்கிழமை காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அவர் வரவில்லை. காய்ச்சல். பக்கத்துக் காம்பரா வீரய்யா என்னிடம் ஓடி வந்தார். அவர் தோட்டத்து லொறியில் வேலை செய்கிறவர்.

“உடம்பு நெருப்பாக் கொதிக்குது, மிஸ். நடக்க முடியல. லொறி நிக்குது, பசறைக்கு ஏத்திக்கிட்டுப் போயிரவா?”

நான் போய்ப் பார்த்தேன். ஊசி போட்ட இடம் சிவந்து வீங்கியிருந்தது. பசறை ஆஸ்பத்திரியில் முதலில் அந்த இடத்தைத்தான் பார்ப்பார்கள். அடுத்ததாகப் பெயரையும் வயதையும் கேட்பார்கள். ஜெயலெட்சுமி பொய் சொல்ல மாட்டார்.

“இது தொத்துக் காய்ச்சல்ங்க,” என்றேன் வீரய்யாவிடம். “லொறியில ஏத்தினா எல்லாருக்கும் பரவும். டிஸ்பென்சரியில வச்சு நான் பார்த்துக்கிறேன். ஒருத்தரும் கிட்ட வராதீங்க.”

கொரோனா காலத்துக்குப் பிறகு இந்தச் சொல்லுக்குத் தனி மரியாதை. பாயில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்து பின் அறையில் விட்டுவிட்டு, சோப்புப் போட்டுக் கை கழுவிக்கொண்டு போனார்கள். யாரும் திரும்பி வரவில்லை. வீரய்யா மட்டும் காலையிலும் பின்னேரமும் வாசலுக்கு வெளியில் கஞ்சி வைத்துவிட்டுப் போவார்.

அலுமாரியில் கிருமிக்கு எதிரான மருந்து இருந்தது. நீங்கள் அதைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், பெட்டி உடைக்கப்படவில்லை என்பதும் சரி. அந்த மருந்தைக் கொடுத்தால் மஜ்ஜைக்குள் போய் மாதிரியைக் கெடுக்கும் என்று நினைத்தேன். வியாழக்கிழமை இன்னொரு தடவை எடுக்க வேண்டியிருந்தது. காய்ச்சலில் உயிரணுக்கள் எப்படி நடந்துகொள்ளும் என்று பார்க்கும் வாய்ப்பு இனிக் கிடைக்காது. காய்ச்சலுக்குப் பெனடோல் மாத்திரை கொடுத்தேன். நெற்றியில் ஈரத்துணி போட்டேன். இடுப்பில் பட்டியைக் கட்டிவிட்டேன். ஒரு மணித்தியாலத்துக்குப் பதிலாக ஐந்து மணித்தியாலம். அவரைக் காப்பாற்ற நான் ஒன்றும் செய்யவில்லை என்று எழுதியிருப்பது அதனால் சரியல்ல.

வியாழக்கிழமை மறுபடி எடுத்தபோது அவர் சத்தம் போடவில்லை. எடுத்து முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“காகிதத்தத் தொரகிட்டக் குடுத்திட்டீங்களா, பிள்ள?”

“குடுத்துட்டேங்க. பேரை வெட்ட மாட்டாங்களாம்.”

“மகராசியா இருங்க,” என்றார். “எட்டு வருஷம். அதுக்குள்ள மகளுக்கு ஒரு வழி பண்ணிருவேன்.”

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வெள்ளிக்கிழமை பின்னேரம், கொழுந்து நிறுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தபோது மூச்சு நின்றது. நான் பக்கத்தில்தான் இருந்தேன். கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பயமாக இருந்தது. அழுதேன் என்று நினைக்கிறேன். பிறகு கதவைத் திறந்து வீரய்யாவைக் கூப்பிட்டேன். மாரடைப்பு என்றேன். வயது அறுபது என்று நான்தான் சொன்னேன். இறந்த சான்றிதழில் அப்படியே எழுதினார்கள்.

என் அப்பா வெட்டிய கவ்வாத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கிழட்டுத் தேயிலையை முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிடுவார்கள். அப்போதுதான் புதுக் கொழுந்து வரும். வெட்டியதில் சில செடிகள் பட்டுப்போகும். அதற்காக எந்தத் துரையும் கவ்வாத்தை நிறுத்தியதில்லை, எந்தப் பொலிசும் அப்பாவைப் பிடித்ததில்லை.

நபீலாவை நான் குறை சொல்ல மாட்டேன். அன்றிரவே நான் பதுளைக்குக் கொண்டுபோன வியாழக்கிழமை மாதிரித் தட்டில் மூடுபனி போலக் கிருமி பரவியதைப் பார்த்திருக்கிறாள். லேபலில் திகதி இருந்தது. வெள்ளிக்கிழமை செத்த பெண்ணிடம் வியாழக்கிழமை ஏன் மஜ்ஜை எடுத்தீர்கள் என்று என்னிடம் கேட்டாள். நான் விளக்கினேன். அவளுக்கு விளக்கம் போதவில்லை. கலாராணிக்குப் போன் எடுத்துவிட்டாள். லேபலில் திகதி எழுதாமல் விட்டிருக்கலாமே என்று உங்கள் ஆட்களில் ஒருவர் சொன்னார். மாதிரிக்குத் திகதி எழுதாமல் எப்படி விடுவது?

கலாராணி போன வாரம் இங்கே வந்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, “எங்கம்மா ஒங்கள எவ்வளவு நம்பிச்சு தெரியுமா?” என்று கேட்டாள். தெரியும் என்றேன். நம்பாதவர்களிடம் இந்த வேலையைச் செய்யவே முடியாது.

பிறப்புச் சான்றிதழை நான் எரிக்கவில்லை. ஏழாம் இலக்கக் கோப்பில் வைத்திருந்தேன், அங்கேதான் நீங்களும் எடுத்தீர்கள்.

இனி உங்கள் அறிக்கைக்கு வருகிறேன். பாவித்த ஊசி என்று தெரிந்தே குத்தினேன் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி. ஆஸ்பத்திரிக்குப் போக விடாமல் பொய் சொல்லித் தடுத்தேன் என்பதும் சரி. மருந்து கையில் இருந்தும் கொடுக்கவில்லை, சாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், அவர் துரையிடம் போகாமல் இருக்க வேண்டும் என்றே அதைச் செய்தேன் என்பதும் சரி. கொலை என்ற சொல்லையும் நான் மாற்றச் சொல்லவில்லை. முதல் பக்கத்தில் மட்டும் ஒரு பிழை இருக்கிறது. ‘பாக்கியலெட்சுமி, வயது 52’ என்று போட்டிருக்கிறீர்கள். அதை வெட்டிவிட்டு, அடையாள அட்டையில் உள்ளபடி ‘ஜெயலெட்சுமி, வயது 60’ என்று திருத்திக் கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.